எபிசோடு 47: லஞ்ச் டேபிளில் 69 சதவீதம்

தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு, அதனால இன்னைக்குக் குரல் கரகரன்னு வந்தா பொறுத்துக்கோங்க.

போன மாதம் நேயர் ஒருத்தர் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் டெஸ்டிங்ல இருக்கிறவர். "பக்கத்து சீட்ல இருக்கிறவர் ரொம்ப நல்ல மனுஷன் ப்ரோ. நான் லீவு போட்டா என் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். ஆனா அரசியல் பேச ஆரம்பிச்சார்னா எனக்கு உடம்பெல்லாம் எரியுது. தேர்தல் வேற வருது. ஹெட்போன் மாட்டிக்கிட்டே எத்தனை நாள் ஓட்டுறது?" இதுதான் கேள்வி.

"கண்டுக்காம விடுங்க ப்ரோ"ன்னு டைப் பண்ணேன். அனுப்புறதுக்கு முன்னாடி அழிச்சிட்டேன். ஏன்னா கண்டுக்காம விட்டுப் பார்த்தவன் நான். ஒரு வருஷத்துக்கு மேல. அது எப்படிப் போச்சுன்னு சொல்றதுதான் இந்த எபிசோடு.

ஆபீஸ் பேர், ஆள் பேர் எதுவும் சொல்ல மாட்டேன். கதையில் வரும் முக்கியமான ஆளை சீனியர்னு வெச்சுக்கலாம். என்னைவிட எட்டு வயசு மூத்தவர், எங்க டீமோட லீட். நான் அவரை அண்ணான்னு கூப்பிடுவேன். இதை ரெக்கார்ட் பண்ணப் போறேன்னு சொல்லி அவர்கிட்ட அனுமதி வாங்கிட்டேன். "என்னை வில்லனாக் காட்டாம இருந்தா சரி"ன்னார். முயற்சி பண்றேன்.

தேதி நல்லா ஞாபகம் இருக்கு. 2022 நவம்பர் 7, திங்கட்கிழமை. அன்னைக்குத்தான் உச்ச நீதிமன்றம் 10 சதவீத இ.டபிள்யூ.எஸ். ஒதுக்கீடு செல்லும்னு தீர்ப்பு சொன்னது. 2019-ல் கொண்டுவந்த 103-வது அரசியல் சாசனத் திருத்தம் அது. ஏற்கெனவே இடஒதுக்கீட்டுக்குள் வராத சமூகங்களில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான ஒதுக்கீடு. அஞ்சு நீதிபதிகளில் மூணு பேர் செல்லும்னாங்க, ரெண்டு பேர் செல்லாதுன்னாங்க. செல்லாதுன்னு சொன்ன ரெண்டு பேரில் ஒருத்தர் அப்போதைய தலைமை நீதிபதி யு.யு.லலித்.

கோவிட் முடிஞ்சு வாரத்துக்கு மூணு நாள் ஆபீஸ் வரணும்னு சொல்லியிருந்த நேரம். மதியம் கேன்டீனில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். சீனியர் வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டு வந்திருந்தார், தொட்டுக்க மோர்மிளகாய். எல்லாருக்கும் ஆளுக்கு ரெண்டு மிளகாய் வைப்பார், அது எங்க டேபிள் வழக்கம். அன்னைக்கு மனுஷன் ரொம்ப சந்தோஷத்தில் இருந்தார். "இப்பவாவது எங்களையும் ஏழைன்னு ஒத்துக்கிட்டாங்களே"ன்னார். யாரோ ஒருத்தர், "தமிழ்நாட்டில் இதெல்லாம் அமல்படுத்த மாட்டாங்க"ன்னு சொன்னார். அதுக்கு சீனியர் சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னார்.

"எப்படிப் பண்ணுவாங்க? கோட்டால வந்தவங்க எழுதுற கோடை ரிவ்யூ பண்ணிப் பண்ணியே என் கண்ணு போயிடணும்னு தலைவிதி."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அன்னைக்குக் காலையில் அவர் ரிவ்யூ பண்ணியது என்னோட கோடு. அது அவருக்குத் தோணியிருக்காது. நான் எப்படி காலேஜ் சீட் வாங்கினேன்னு அவருக்குத் தெரியாது. என் பேரிலும் பேச்சிலும் அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால அவர் என்னைக் குறிவைச்சுச் சொல்லலை. ஆனா நான் சிரிச்சேனே, அதுதான் ராத்திரி வரைக்கும் உறுத்திக்கிட்டே இருந்தது. அவர் சொன்னதைவிட.

என் கதையைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். ஆரணி பக்கம் ஊர். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற வேலை. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 2015-ல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு கவுன்சலிங் வந்தோம், நானும் அப்பாவும். அப்ப ஆன்லைன் கிடையாது, 2018-ல்தான் அது வந்தது. கோயம்பேட்டில் இறங்கி பஸ் மாறி கிண்டிக்குப் போகணும். உள்ளே பெரிய ஸ்கிரீனில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் எத்தனை சீட் மிச்சம் இருக்குன்னு ஓடிக்கிட்டே இருக்கும். நான் குறிச்சு வெச்சிருந்த கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரா ஓ.சி. கட்டத்தில் பூஜ்யம். எம்.பி.சி. கட்டத்தில் 2. உள்ளே கூப்பிடுற வரைக்கும் அப்பா அந்த 2-ஐயே பார்த்துக்கிட்டிருந்தார், கண்ணெடுத்தா குறைஞ்சிடும்ங்கிற மாதிரி.

அந்த ரெண்டில் ஒரு சீட் எனக்குக் கிடைச்சது. முதல் தலைமுறைப் பட்டதாரிங்கிறதால டியூஷன் ஃபீஸில் சலுகையும் கிடைச்சது.

இப்ப சின்ன இடைவேளை மாதிரி ஒரு விஷயம், வெளியூரில் இருந்து கேட்கிறவங்களுக்காக. தமிழ்நாட்டில் மொத்த இடஒதுக்கீடு 69 சதவீதம். பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி.யும் சீர்மரபினரும் சேர்த்து 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மிச்சம் 31 பொதுப் பிரிவு, அதில் எல்லாச் சமூகத்தினரும் போட்டி போடலாம். 50-ஐத் தாண்டக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 1992-ல் மண்டல் வழக்கில் சொன்ன பிறகு, 1993-ல் தனிச் சட்டம் போட்டு, 1994-ல் அதை அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தாங்க. அப்ப முதலமைச்சர் ஜெயலலிதா. இந்த விஷயத்தில் ரெண்டு பெரிய கட்சிகளுக்கும் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அதனாலதான் சீனியர் மாதிரி ஒருத்தருக்கு இந்த ஊரில் தன் கருத்தைச் சொல்ல லஞ்ச் டேபிளைத் தவிர வேற மேடை இல்லைன்னு எனக்குப் பின்னாடி புரிஞ்சது. சரி, கதைக்கு வருவோம்.

நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணலை. "ஆபீஸில் அரசியல் பேசக் கூடாது"ங்கிற பொன்மொழியைப் பிடிச்சுக்கிட்டேன். லஞ்சுக்கு அரை மணி நேரம் லேட்டாப் போக ஆரம்பிச்சேன். மோர்மிளகாய் போச்சு. டீம் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ணேன். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வேற இடத்தில் நடந்தது. சீனியர்கிட்ட சந்தேகம் கேட்கிறதை நிறுத்திட்டேன். ஒரு விஷயம் தெரியலைன்னு அவர்கிட்ட சொல்றதே எனக்குத் தோல்வியாத் தெரிஞ்சது. ஒரு புல் ரிக்வெஸ்ட் போடுறதுக்கு முன்னாடி நாலு தடவை, அஞ்சு தடவை பார்ப்பேன். மத்தவன் ஆறு மணிக்குக் கிளம்புவான், நான் ஒன்பது மணி வரைக்கும் தேவையில்லாத டெஸ்ட் கேஸ் எழுதிக்கிட்டிருப்பேன். அவர் கமென்ட்ல "இந்த வேரியபிள் பேரை மாத்து"ன்னு போட்டாக்கூட அதுக்குள்ள வேற அர்த்தம் இருக்கான்னு தேடுவேன். பெரும்பாலும் அந்தப் பேர் நிஜமாவே கேவலமா இருந்திருக்கும்.

அதாவது நான் அரசியல் பேசலை. ஆனா என் வேலை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே ஓடிக்கிட்டிருந்தது.

இந்த "ஆபீஸில் அரசியல் வேண்டாம்"ங்கிறதை கம்பெனி விதியாவே போட்டுப் பார்த்தவங்க இருக்காங்க. 2020-ல் காயின்பேஸ் நிறுவனத்தின் பிரையன் ஆம்ஸ்ட்ராங், இங்கே வேலை மட்டும்தான், பிடிக்காதவங்க நஷ்டஈடு வாங்கிட்டுப் போகலாம்னார். 60 பேர் போனாங்க, சுமார் 5 சதவீதம். 2021-ல் பேஸ்கேம்ப் நிறுவனமும் இதே மாதிரி அறிவிச்சது, அங்கே மூணில் ஒரு பங்கு ஆட்கள் வெளியே போயிட்டாங்க. பேஸ்கேம்பில் பிரச்சினை எங்கே ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? கஸ்டமர்களின் பேர்களில் "வேடிக்கையான" பேர்களை எல்லாம் எடுத்து ஊழியர்கள் சிலர் பல வருஷமா ஒரு லிஸ்ட் வெச்சிருந்தாங்க. அதில் ஆசிய, ஆப்பிரிக்கப் பேர்களும் இருந்தது. லிஸ்ட் போட்டவங்களுக்கு அது ஜோக். அந்த மாதிரிப் பேர் இருக்கிற ஒருத்தர் அந்த ஆபீஸில் உட்கார்ந்து அதைப் பார்த்தா அது ஜோக்கா, அரசியலா? எங்க கேன்டீன் ஜோக்கும் அந்த வகைதான்.

நம்ம ஊரில் மத்திய அரசு ஊழியர்னா, கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாதுன்னு 1964 நடத்தை விதிகளிலேயே இருக்கு. நமக்கு அப்படி எதுவும் இல்லை. ஹெச்.ஆர். பாலிசி பி.டி.எஃப். ஒண்ணு இருக்கும், சேர்ந்த நாளில் "படித்துப் புரிந்துகொண்டேன்"ன்னு டிக் அடிச்சிருப்போம். யார் படிச்சது?

மேல போவோம். 2024 தொடக்கத்தில் ஒரு ராத்திரி. பேமென்ட் சம்பந்தமான ஒரு சர்வீஸில் நான் ஒரு டேட்டாபேஸ் மாற்றம் பண்ணேன். ஒரு டேபிளில் இண்டெக்ஸ் சேர்க்கிற வேலை. பார்க்க சாதாரணம். ஆனா அந்த டேபிள் பெரிசு, நான் ஓட்டின விதத்தில் அது மொத்தமா லாக் ஆகிடுச்சு. ரெண்டு மணிக்கு அலாரம் அடிக்குது, ஒரு பக்கம் பணம் போகுது, இன்னொரு பக்கம் பதிவாகலை. கை நடுங்குது எனக்கு. சீனியருக்குக் கூப்பிட்டேன். அவர் குழந்தைக்கு அன்னைக்குக் காய்ச்சல்னு பின்னாடிதான் தெரியும். ஒரு வார்த்தை திட்டலை. "முதல்ல அந்த கொய்ரியைக் கில் பண்ணு. அப்புறம் தண்ணி குடி. அப்புறம் பேசலாம்"னார். அஞ்சு மணி வரைக்கும் லைனில் இருந்தார்.

மறுநாள் காரணம் விளக்கி மேலிடத்துக்கு மெயில் போகணும். நான் என் பேரைப் போட்டு எழுதி அவருக்கு அனுப்பினேன். அவர் அதை மாத்தி, "மாற்றத்தை ரிவ்யூ செய்து ஒப்புதல் கொடுத்தது நான், இதைக் கவனித்திருக்க வேண்டியது என் பொறுப்பு"ன்னு எழுதி அனுப்பிட்டார். அந்த வருஷ அப்ரைசலில் அது அவரைக் கொஞ்சம் பாதிச்சது. என்னைப் பாதிக்கலை.

இப்ப இந்த மனுஷனை நான் என்ன பண்றது? சொல்லுங்க.

ரெண்டு நாள் கழிச்சு துரைப்பாக்கத்தில் மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்னுக்கிட்டிருந்தோம். நான் பேச்சை எடுக்கணும்னு திட்டம் போட்டுப் போகலை. வாயில் வந்துடுச்சு. "அண்ணா, நானும் கோட்டாதான். எம்.பி.சி. கட்டத்தில் ரெண்டு சீட் இருந்துச்சு, அதுல ஒண்ணு நான்."

அவர் கிளாஸை வெச்சிட்டு என்னைப் பார்த்தார். "நீ வேற டா. நீ எக்ஸெப்ஷன்."

கேன்டீன் ஜோக்கைவிட இது அதிகமா வலிச்சது. ஏன்னா இதை அவர் அன்பாச் சொன்னார். நான் சொன்னேன்: "அண்ணா, அந்த இன்னொரு சீட்டில் உட்கார்ந்தவன் யாருன்னு எனக்குத் தெரியாது. அவனும் இப்ப எங்கேயோ எவனுக்கோ எக்ஸெப்ஷனா இருப்பான். இப்படி ஒவ்வொருத்தரா நேர்ல பார்த்து எக்ஸெப்ஷன்னு விட்டுக்கிட்டே போனா, கடைசியில் நீங்க திட்டுறதுக்கு ஆளே மிஞ்ச மாட்டான்."

சிரிச்சார். அப்புறம் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் அவர் கதையைச் சொன்னார். அதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை, அதையும் ஒத்துக்கணும்.

மயிலாடுதுறை பக்கம். அப்பா கல்யாண சமையல் வேலைக்குப் போறவர். முகூர்த்த மாசத்தில் வருமானம், ஆடியிலும் மார்கழியிலும் கடன். இவர் பன்னிரண்டாவது முடிச்சது 2007. அதுவரைக்கும் தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேர பிளஸ் டூ மார்க்கோட நுழைவுத் தேர்வு மார்க்கையும் சேர்ப்பாங்க. இவர் ரெண்டு வருஷமா அதுக்குத் தயாராகிக்கிட்டிருந்தார். கோச்சிங் போகக் காசில்லை, பழைய கைடுகளை வாங்கிப் படிச்சார். பள்ளி மார்க்கில் பெரிய வித்தியாசம் காட்ட முடியாது, நுழைவுத் தேர்வில் எல்லாரையும் தாண்டிடலாம்னு கணக்கு. அந்த வருஷம்தான் நுழைவுத் தேர்வு ரத்தாச்சு.

"நான் படிச்ச எக்ஸாமையே தூக்கிட்டாங்கடா"ன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் முப்பத்தஞ்சு வயசு ஆள் குரலா இல்லை.

கிண்டி கிடைக்கலை. தனியார் கல்லூரி, கல்விக் கடன், வேலைக்கு வந்து ஆறு வருஷம் அடைச்சார். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை எந்தச் சாதிக்கும் உண்டு, அவருக்கும் பொருந்தியிருக்கும். ஆனா அது 2010-11 கல்வியாண்டில்தான் வந்தது. மூணு வருஷம் லேட்.

நான் நின்னு யோசிச்சேன். நுழைவுத் தேர்வை ரத்து பண்ணதுக்குச் சொன்ன காரணமே என் மாதிரிப் பையன்கள்தான். கோச்சிங் சென்டர் இல்லாத ஊர், தமிழ் மீடியம், கைடு வாங்கவே வழியில்லாத வீடு. அந்தத் தேர்வு இருந்திருந்தா 2015-ல் நான் அந்த ஸ்கிரீன் முன்னாடி நின்னிருப்பேனான்னு சந்தேகம். அந்த முடிவு சரின்னு நான் அன்னைக்கும் நினைச்சேன், இன்னைக்கும் நினைக்கிறேன். அதே முடிவுதான் எதிரே நிக்கிற இந்த மனுஷனோட ரெண்டு வருஷ உழைப்பைத் தண்ணியில் கரைச்சது. ரெண்டும் உண்மை. அவர்கிட்ட "மன்னிச்சுக்கோங்க"ன்னு சொல்ல எனக்கு எதுவும் இல்லை. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலை"ன்னு சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. ரெண்டாவது டீ வாங்கிக் கொடுத்தேன். வேற என்ன பண்றது?

இங்கேயே நிறுத்தினா அழகான எபிசோடா இருக்கும். மனசு விட்டுப் பேசினோம், எல்லாம் சரியாச்சுன்னு. அப்படி ஆகலை.

ஆறு மாசம் கழிச்சு நானும் அவரும் ஒரு இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்தோம். மூணு வருஷ அனுபவம் உள்ள ஒரு பெண். வட மாவட்டத்தில் அவ்வளவாப் பேர் தெரியாத ஒரு கல்லூரி. ஒரே பேமென்ட் ரெண்டு தடவை வந்துட்டா எப்படித் தடுப்பீங்கன்னு கேட்டோம். அவங்க சொன்னாங்க: "எங்க ஊர்ல கேபிள் டிவிக்குக் காசு வாங்க ஒரு அட்டை வெச்சிருப்பாங்க சார். மாசத்துக்கு ஒரு கட்டம். கட்டத்தில் டிக் இருந்தா மறுபடியும் காசு வாங்க மாட்டாங்க. அதே மாதிரி ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு கீ குடுத்து, அந்தக் கீ ஏற்கெனவே இருந்தா பழைய பதிலையே திருப்பி அனுப்பணும்." பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். அப்புறம் அதில் எங்கெங்கே தப்பு வரும்னும் அவங்களே சொன்னாங்க. என்னைக் கேட்டா அந்த மாதத்தில் நான் கேட்ட சிறந்த பதில் அது.

எங்க ஃபார்மில் அஞ்சு கட்டம் இருக்கும், கடைசி ரெண்டு கம்யூனிகேஷன், டீம் ஃபிட். ஒவ்வொண்ணுக்கும் 5-க்கு மார்க். சீனியர் கம்யூனிகேஷனுக்கு 2 போட்டார். "கிளையன்ட் டெக்சாஸ்ல இருக்கான். இந்த இங்கிலீஷை வெச்சுக்கிட்டு எப்படிச் சமாளிப்பாங்க?"ன்னார்.

எனக்கு உடனே கேன்டீன் ஞாபகம் வந்தது. ஆனா அதைப் பேசினா இது அவரோட மனசைப் பத்தின விவாதம் ஆகிடும். அந்த விவாதத்தில் ஜெயிக்கவே முடியாது. அவர் "நான் அப்படி நினைக்கலை"ன்னு சொன்னா முடிஞ்சது. அதனால ஃபார்மை மட்டும் பேசினேன். "அண்ணா, இந்த ரோலுக்கு முதல் வருஷம் கிளையன்ட் கால் கிடையாதே. அவங்க சொன்னதில் எந்தப் பதில் உங்களுக்குப் புரியலை?" அவர் யோசிச்சார். எல்லாமே புரிஞ்சதுன்னார். போன மாதம் நாங்க எடுத்த ஒரு பையனோட ஃபார்மைத் திறந்தேன். சரளமான இங்கிலீஷ். ஆனா அந்த டிசைன் கேள்விக்கு அவன் பதிலே சொல்லலை, சுத்திச் சுத்திப் பேசினான். கம்யூனிகேஷன் 4. அந்த 4-ஐப் போட்டதில் நானும் ஒருத்தன்.

சீனியர் ரெண்டு ஃபார்மையும் மாத்தி மாத்திப் பார்த்தார். 2-ஐ 4 ஆக்கலை. 3 ஆக்கினார். அது போதும், அடுத்த ரவுண்டுக்குப் போனாங்க. மேனேஜர் ரவுண்டில் நிராகரிச்சிட்டாங்க. அந்த ரூமில் நான் இல்லை, என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. இன்னும் அது எனக்கு ஆறலை.

ஆனா அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது, அது சீனியரே சொன்னது. இன்டர்வியூ முடிஞ்சதும் பேனலில் யாரும் பேசிக்கக் கூடாது. அவங்கவங்க ஃபார்மை நிரப்பி சப்மிட் பண்ணிட்டுத்தான் வாயைத் திறக்கணும். ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் கேண்டிடேட் சொன்ன ஒரு விஷயத்தை எழுதணும். எழுத எதுவும் இல்லைன்னா மார்க்கைக் குறைக்கக் கூடாது.

இந்த விதியை ரொம்பப் பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது என் மேலேயே திரும்புகிற வரைக்கும்.

இந்த வருஷம் ஒரு ரெஸ்யூமே வந்தது. நல்ல பையன், நல்ல கோடிங். கீழே "தன்னார்வப் பணி"ன்னு போட்டு, ஒரு கட்சியின் ஐ.டி. விங்கில் ரெண்டு வருஷம்னு எழுதியிருந்தான். எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன். எனக்கு அறவே ஆகாத கட்சி. இன்டர்வியூ நல்லாத்தான் போச்சு. நான் டீம் ஃபிட்டுக்கு 2 போட்டேன். பக்கத்தில் எழுதவேண்டிய இடத்தில் "அவ்வளவாக ஒத்துப்போகவில்லை"ன்னு எழுதினேன்.

சீனியர் ஸ்கிரீனைப் பார்த்துட்டு ரொம்ப அமைதியாக் கேட்டார்: "அவன் சொன்ன எந்தப் பதில்ல இது தெரிஞ்சுது?"

மக்களே, நான் அந்த நாற்பது நிமிஷத்தையும் மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தேன். ஒண்ணும் கிடைக்கலை. ஒரு தடவை என்னை "சார்"னு கூப்பிட்டான், அது வேணா எழுதலாம். மார்க்கை மாத்தினேன். பையன் இப்ப எங்க டீமில்தான் இருக்கான், எனக்கு ரெண்டு சீட் தள்ளி. கேட்கிற சந்தேகங்கள் எல்லாம் கூர்மையா இருக்கும். அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தா எனக்கு ரத்த அழுத்தம் ஏறுது, அதனால மியூட் பண்ணிட்டேன். ஸ்டேட்டஸை மட்டும்தான். ஆளை இல்லை.

சரி, நேயருக்கு வர்றேன். முதலில் ஒண்ணு கேட்கணும். உங்க பக்கத்து சீட் நண்பர் பேசுறது மட்டும்தான் எரியுதா, இல்லை அவர் பண்ற ஏதாவதும் இருக்கா? வேலை பிரிக்கிறதில், லீவு ஒத்துக்கிறதில், யாரை ட்ரெயினிங் அனுப்புறதில்? பேச்சு மட்டும்தான்னா, ஹெட்போன் ஒரு கௌரவமான கருவி, வெட்கப்படாம மாட்டிக்கோங்க. "எனக்கு இதில் வேற கருத்து இருக்கு, சாப்பிட்டுட்டுப் பேசலாமா"ன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. நிறைய பேர் எதிரே இருக்கிறவனும் தன் கட்சின்னு நினைச்சுத்தான் பேசுறாங்க. நான் சிரிச்ச மாதிரி நீங்களும் சிரிச்சிருந்தா, அவருக்கு எப்படித் தெரியும்?

முடிவெடுக்கிற இடத்தில் ஏதாவது நடந்தா அது வேற. அங்கே அவரோட கொள்கையை இழுக்காதீங்க, காகிதத்தில் என்ன இருக்குன்னு கேளுங்க. ரெண்டு ஃபார்மைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க.

இன்னொண்ணும் சொல்லணும், நான் சொன்னதெல்லாம் எனக்கு நடந்தது. என் சீனியர் என்மேல் பழி போடாம மெயில் எழுதின ஆள். அதனாலதான் டீக்கடையில் என்னால வாயைத் திறக்க முடிஞ்சது. உங்க அப்ரைசல் அவர் கையில் இருந்து, அவர் அப்படிப்பட்ட ஆளான்னு தெரியலைன்னா, யாருக்கும் எதையும் நிரூபிக்கணும்னு கட்டாயம் இல்லை. உங்க சாதியோ மதமோ யாருக்கும் சொல்லவேண்டிய கடனும் இல்லை. எஸ்.சி., எஸ்.டி. சமூகத்தைச் சேர்ந்தவரை மத்தவங்க முன்னாடி சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினா அதைக் கருத்து வேறுபாடுன்னு சொல்ல முடியாது, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அந்த இடத்தில் டீ வாங்கிக் கொடுக்கப் போகாதீங்க. தேதி, நேரம், யார் இருந்தாங்கன்னு எழுதி வையுங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க, மெயிலில் புகார் கொடுங்க.

சீனியர் இன்னும் இடஒதுக்கீட்டுக்கு எதிர்தான். போன வாரம்கூட ஒரு மணி நேரம் சண்டை. பொருளாதார அளவுகோல்தான் சரிங்கிறார். ஆரணியில் அரிசி மூட்டை தூக்குறவர் மகனையும் மயிலாடுதுறையில் சமையல் வேலை பார்க்கிறவர் மகனையும் ஊர் ஒரே மாதிரியா வீட்டுக்குள்ள கூப்பிடுச்சுன்னு நான் கேட்டேன். அதுக்கு அவர்கிட்ட பதில் இல்லை. 2007-ல் பன்னிரண்டாவது முடிச்ச ஒருத்தருக்கு நீ என்ன பதில் வெச்சிருக்கேன்னு அவர் கேட்டார். அதுக்கு என்கிட்ட இல்லை. கேன்டீனில் விளக்கை அணைக்க ஆரம்பிச்சுட்டாங்க, எழுந்து வந்துட்டோம்.

அந்த ஜோக்கை மட்டும் அவர் அதுக்கப்புறம் சொன்னதில்லை, நான் இருக்கும்போதாவது. நான் இல்லாதப்போ சொல்றாரான்னு கேட்டுக்கலை. லஞ்சுக்கு இப்பப் பழைய நேரத்துக்கே போறேன். மோர்மிளகாய் கோட்டா ஆளுக்கு ரெண்டு, அதில் மாற்றம் இல்லை.

உங்க ஆபீஸ் கதைகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருந்தா நல்லது. பேர் சொல்ல வேண்டாம்னா அதையும் சொல்லிடுங்க. அடுத்த எபிசோடு நோட்டீஸ் பீரியட் பத்தி, மூணு மாசம் யாருக்காகன்னு பேசப் போறோம். அதுவரைக்கும், வணக்கம்.